இரண்டாவது பட்டன்

நாட்றாம்பாளையம்
12.4.2025

அண்ணனுக்கு,

நலமா என்று கேட்கும் வரியை இந்தக் கடிதத்தில் தேடாதே. நீ நலமாகத்தான் இருப்பாய். சுவரில் மாட்டியிருக்கும் 'சிறந்த இளம் தொழில்முனைவோர்' ஷீல்டை அண்ணி தினமும் துடைத்து வைப்பாள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். இங்கே டவர் கிடைக்க வேண்டுமென்றால் மேட்டுக்கு ஏற வேண்டும் என்பது ஒரு காரணம். உண்மையான காரணம் வேறே. போனில் நான் உன்னிடம் தோற்றுப்போகிறேன். சண்டை போடவென்றே கூப்பிடுகிறேன், கடைசியில் "சரிண்ணா, ஒடம்பப் பாத்துக்கோ" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். வைத்த பிறகுதான் நான் கேட்ட எதற்கும் நீ பதில் சொல்லவில்லை என்பது உறைக்கிறது. நீ முன்பு வேலை பார்த்த கம்பெனியின் அந்தப் பயிற்சியில் பேசக் கற்றுக்கொடுத்தார்களே, அதை நீ வீணாக்கவில்லை. எழுத்து என்றால் நீ நழுவுகிற இடத்தில் விரலை வைத்துக் காட்டலாம். எனக்கு விரல் இருக்கிறது.

என் வீட்டுக்காரருக்கு வலது கையில் கட்டை விரல் மட்டும்தான் மிச்சம். கட்டுப் பிரித்தாகிவிட்டது. களியை உருட்ட வரவில்லை. இடது கையால் சாப்பிட வெட்கப்பட்டுக்கொண்டு, எல்லோரும் எழுந்த பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுகிறார். என் மாமியார் முனிலட்சுமி கன்னடத்தில் உன்னைத் திட்டுகிறாள். எனக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டு என்னையும் சேர்த்துத் திட்டுகிறாள்.

போன வருஷம் ஆடியில் நீ புது பைக்கில் வந்தாய். அவர் கேழ்வரகுக் காட்டில் நின்றுகொண்டிருந்தார். நீ வரப்பில் நின்றபடியே சொன்னாய். "மாப்ள, யானைக்கும் பன்னிக்கும் வெள்ளாமை வெச்சிக்கினு எத்தினி நாளைக்கு இருப்பீங்க? நான் உங்களக் கூலிக்குக் கூப்புடல. பார்ட்னரா வாங்க. ரெண்டு வருசத்துல உங்களுக்குத் தனி மெசின் போட்டுத் தர்றேன்." அவர் அன்றைக்கே மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டார். நான் உனக்குக் கோழி அடித்துப் போட்டேன்.

அவர் உன் பட்டறையில் காலையில் தகடு அடிக்கும் பிரஸ் முன்னால் நின்றால் சாயந்திரம்தான் உட்கார்ந்தார். லீவு வேண்டுமென்றால் உன்னிடம்தான் கேட்டார். கை போன அன்று ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க நீதான் செய்தாய், அதை மறுக்கவில்லை. ஆனால் சீட்டில் 'மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும் மெஷினில் கை மாட்டியது' என்று எழுத வைத்ததும் நீதான். எங்கள் வீட்டில் தட்டு வெட்டும் மெஷினே கிடையாது.

ஓசூர் லேபர் ஆபீசுக்குப் போய் விசாரித்தேன். வேலையில் கை போனவருக்கு இ.எஸ்.ஐ.யில் மாதாமாதம் கிடைக்க வழி இருக்கிறதாம், ஆயுசுக்கும். அதற்கு உன்னிடமிருந்து ஒரே ஒரு வரி போதும். 'விமல்ராஜ் என் பட்டறையில் ஆபரேட்டராக வேலை செய்தார், வேலை செய்யும்போது கை போனது.' இதை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வேறு ஒன்றும் கேட்கவில்லை. தனி மெஷினும் வேண்டாம்.

மாதேஸ்வரி


ஓசூர்
21.4.2025

அன்புள்ள பாப்பா,

உன் கடிதம் கிடைத்தது. கோபமாக எழுதியிருக்கிறாய். கோபம் தப்பில்லை. அது ஒரு சக்தி. அதை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதுதான் முக்கியம் என்று எங்கள் வகுப்பில் சொல்வார்கள்.

நீ கேட்கிற வரியைப் பற்றிச் சொல்கிறேன். என் பட்டறையில் ரோலில், அதாவது சம்பளப் பதிவில், ஒன்பது பேர். பத்து ஆனால் இ.எஸ்.ஐ. அது இது என்று ஆயிரம் பின்னால் வரும். அதனால் மற்றவர்கள் எல்லோரும் பார்ட்னர்கள். இது ஏமாற்று இல்லை பாப்பா. வேலைக்காரனாக நினைக்கிறவன் மணியைப் பார்ப்பான். பார்ட்னராக நினைக்கிறவன் வேலையைப் பார்ப்பான். மாப்பிள்ளையை வேலைக்காரன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நான் எப்படி இந்த நிலைக்கு வந்தேன் என்று உனக்குத் தெரியாது. கல்யாணமாகி நீ மலைக்குப் போய்விட்டாய். நம் அப்பா வெங்கடப்பன் தொரப்பள்ளியில் யாருடைய நிலத்தில் உழைத்தார் என்று ஞாபகம் இருக்கிறதல்லவா? அந்த வீட்டுப் பேரன் ஹரீஷ்குமார்தான் கம்பெனியில் பயிற்சி அதிகாரி. அப்பா அந்த வீட்டு மாட்டுக்கொட்டகையில் நின்றுகொண்டே மோர் குடிப்பார். ஹரீஷ்குமார் எனக்கு நாற்காலி போட்டார். தன் பக்கத்தில் போட்டார். தோளில் கை வைத்து, "முனிவேல், நீங்க தொழிலாளி இல்ல. உங்களுக்குள்ள ஒரு முதலாளி தூங்கிட்டு இருக்கான். எழுப்புங்க" என்றார். நான் அழுதுவிட்டேன் பாப்பா. வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் அழுதேன். அடுத்த வாரமே பர்மனென்ட் வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். கம்பெனி கழித்துப் போட்ட பழைய பவர் பிரஸ்ஸையே வாங்கி, அதே கம்பெனிக்கே பீஸ் அடித்துக் கொடுக்கிறேன். அப்பாவுக்குக் கிடைக்காத நாற்காலி அது.

அதை நீ ஒரு வரியில் தள்ளிவிடச் சொல்கிறாய். நீ சொல்வதுபோல் எழுதினால் அதிகாரி வருவார். அதிகாரி வந்தால் கம்பெனி ஆடிட் வைக்கும். ஆடிட் வந்தால் ஆர்டர் போகும்.

மாப்பிள்ளைக்கு இன்னொரு கை இருக்கிறது. ஒரு கையை வைத்துக்கொண்டு உலகத்தை ஜெயித்தவர்கள் கதை எவ்வளவோ இருக்கிறது. பயிற்சியில் கொடுத்த சின்னப் புத்தகத்தை இதோடு வைத்திருக்கிறேன். தினமும் காலையில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல். முதலில் மனசு மாற வேண்டும், மற்றதெல்லாம் தானாக மாறும். அண்ணி உன்னை விசாரித்ததாகச் சொன்னாள்.

உன் அண்ணன்
முனிவேல்


நாட்றாம்பாளையம்
2.5.2025

அண்ணனுக்கு,

புத்தகம் வந்தது. அட்டையில் ஒருவன் மலை உச்சியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறான். பத்து விரலும் இருக்கிறது. முதல் இரண்டு பக்கத்தைக் கிழித்து அடுப்பு மூட்டினேன். மூன்றாவது பக்கத்துக்குக் கை வைத்தபோது அவர் பிடுங்கிக்கொண்டார். இப்போது தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

நீ நாற்காலிக் கதை சொன்னாய். நான் ஒரு பட்டன் கதை சொல்கிறேன். நீ மறந்திருப்பாய்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். கம்பெனியில் உன் பக்கத்து மெஷினில் இருந்த ராஜசேகர் அண்ணனுக்கு இரண்டு விரல் போனது. அப்போது பிரஸ்ஸுக்கு ஒரே பட்டன்தான். ஒரு கை பட்டனில், இன்னொரு கை அச்சுக்குள். நீதான் அத்தனை ஆபரேட்டர்களையும் கூட்டிக்கொண்டு கேன்டீனில் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்தாய். எல்லா மெஷினுக்கும் இரண்டாவது பட்டன் வைத்துத் தந்தால்தான் எழுந்திருப்பேன் என்றாய். வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு விளக்கினாய். அம்மியின் இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை வைத்து, "ரெண்டு கையும் பட்டன்ல இருந்தாத்தான் மெசின் எறங்கும். அப்பறம் எந்தக் கை உள்ள போவும், சொல்லும்மா" என்று கேட்டாய். அம்மா வெங்கடம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அன்றைக்கு உன்னைவிடப் பெரிய ஆள் எனக்கு யாரும் இல்லை.

உன் பட்டறையிலும் அந்த மெஷினுக்கு இரண்டு பட்டன் இருந்தது. வலது பக்கத்துப் பட்டனில் சைக்கிள் ட்யூபைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்ததாம். அது எப்போதும் அமுங்கியே இருக்குமாம். இடது கையால் ஒரு பட்டனைத் தட்டினால் போதும், வலது கை பீஸ் வைக்கவும் எடுக்கவும் சும்மா இருக்கும். கட்டியது யார் என்று அவரிடம் கேட்டேன். கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். அப்புறம், "மச்சான்தான். ஞாயித்துக்கெழம வந்து கட்டுனாரு. இனிமே உங்களுக்கு ஒரு கை ஃப்ரீ மாப்ளன்னு சொன்னாரு" என்றார்.

இதை எழுதும்போது எனக்கு அழுகை வரவில்லை. யாரோ ஒரு முதலாளி இப்படிச் செய்திருந்தால் சாபம் விட்டுவிட்டுப் போயிருப்பேன். அந்த இரண்டாவது பட்டனுக்காகப் பட்டினி கிடந்தவன் நீ.

அந்த வரியை அனுப்பு. அனுப்பாவிட்டால் லேபர் ஆபீசில் நானே எழுதிக் கொடுப்பேன், ட்யூபையும் சேர்த்து.

இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை. ஆனால் எழுதுகிறேன். நேற்று அவருக்கு ஆட்டைக் கட்டச் சொல்லிக்கொடுத்தேன். கயிற்றின் முனையைக் கடைவாயில் கவ்விக்கொண்டு, இடது கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, நாக்கால் முனையை உள்ளே தள்ளி, பல்லால் இழுக்க வேண்டும். முதலில் நான் செய்து காட்டினேன். பத்துப் பதினைந்து முறை ஆடு அவிழ்த்துக்கொண்டு ஓடியது. பிறகு ஒரு முறை நின்றது. முடிச்சு ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் விழுகிறது, கயிறெல்லாம் பல் தடம். ஆனால் அவிழவில்லை. கை போன பிறகு அவர் சிரித்து நேற்றுத்தான் பார்த்தேன். இதை உன்னிடம் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. சொல்ல வேறு யாரும் இல்லை.

மாதேஸ்வரி


ஓசூர்
14.5.2025

மாதேஸ்வரிக்கு,

இதுவரை அண்ணனாக எழுதினேன். நீ லேபர் ஆபீஸ் என்று எழுதிய பிறகு பட்டறைக்காரனாக எழுதுகிறேன்.

ட்யூபைக் கட்டியது நான்தான். அதை என்னவோ கண்டுபிடித்ததுபோல் எழுதியிருக்கிறாய். ஏன் கட்டினேன் என்று கேட்டாயா? கம்பெனி ஒரே நாளில் பீஸ் ரேட்டை இறக்கி, எண்ணிக்கையை ஏற்றியது. கட்டுப்படியாகாது என்று ஹரீஷ்குமாரிடம் போய் நின்றேன். அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, "முனிவேல், முடியாதுங்கறது தொழிலாளி சொல்ற வார்த்தை. முதலாளி என்ன கேப்பான்? எப்படி முடியும்னு கேப்பான்" என்றார். வண்டியில் வரும் வழியெல்லாம் அதையே கேட்டுக்கொண்டு வந்தேன். எப்படி முடியும்? ஒரு கை சும்மா இருந்தால் முடியும். ஞாயிற்றுக்கிழமை ட்யூபைக் கிழித்தேன். என்னைக் கேட்டால் ராஜினாமா எழுதிய அன்று நான் முதலாளி ஆகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஆனேன்.

பட்டினி கிடந்தவன் நீ என்கிறாய். பட்டினி கிடந்தவன் கூலிக்காரன். அவனுக்கு இன்னொருவன் சோறு போட வேண்டியிருந்தது. இன்று பதினாறு குடும்பத்துக்கு நான் போடுகிறேன். நீ இன்னும் கூலிக்காரன் மகளாகவே யோசிக்கிறாய். மாப்பிள்ளையையும் அப்படியே வைத்திருக்கிறாய்.

லேபர் ஆபீசில் எழுதிக் கொடு. தடுக்கவில்லை. நான் பட்டறையைப் பூட்டுவேன். உங்கள் மலையிலிருந்து வந்த ஐந்து பேர் இங்கே இருக்கிறார்கள். அவர்களை அனுப்பும்போது யாரால் அனுப்புகிறேன் என்று சொல்லித்தான் அனுப்புவேன். பிறகு அந்த ஊரில் நீ யார் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறாய் என்று பார்க்கலாம்.

இன்னொன்று. பார்ட்னர் என்றால் லாபத்தில் மட்டும் பங்கு இல்லை. மாப்பிள்ளை கையை உள்ளே விட்டதால் மெஷின் நின்றது, சப்ளை நின்றது, கம்பெனி அபராதம் போட்டது. அதில் அவர் பங்கை இன்றுவரை நான் கேட்கவில்லை. தங்கச்சி வீடு என்று விட்டிருக்கிறேன். என்னைக் கேட்க வைக்காதே.

பயத்தை மட்டும் காட்டிவிட்டுப் போகிறவன் இல்லை நான். ஒரு வழியும் சொல்கிறேன். அடுத்த மாதம் கம்பெனியில் பயிற்சி முடிப்பு விழா. ஹரீஷ்குமாரிடம் பேசிவிட்டேன். மாப்பிள்ளை மேடையில் வந்து, காட்டில் தட்டு வெட்டும்போது கை போனது, ஆனாலும் மனசு உடையவில்லை, தொழில் செய்து முன்னேறப் போகிறேன் என்று பேச வேண்டும். அவ்வளவுதான். கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் டீக்கடை போட இடம் கொடுப்பார்கள். மூன்று ஷிப்ட் ஆட்களும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். யோசித்துச் சொல்.

முனிவேல்


நாட்றாம்பாளையம்
9.6.2025

அண்ணனுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். டீக்கடைப் பேச்சு வந்த இடத்தோடு அவருக்கு வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிட்டேன். அவருக்கும் படிக்கத் தெரியும் என்பதை மறந்துவிட்டேன்.

நீ சொன்னதுபோலவே ஐந்து வீட்டுக்காரர்களும் வந்தார்கள். நீ முன்பே ஆள் விட்டிருக்கிறாய். உன் பட்டறையில் இருக்கும் சம்பங்கியின் அம்மா என் வாசலில் நின்று, "உம் புருசன் கை போச்சு, எம் புள்ள பொழப்பும் போவணுமா?" என்று கேட்டாள். அவள் மகன் அதே மெஷினில்தான் நிற்கிறான் என்று சொன்னேன். அவளுக்கு அது தெரிந்திருந்தது. ஆனாலும் நான் இறங்கவில்லை. லேபர் ஆபீசுக்கான காகிதத்தை எழுதி முடித்து, அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தேன். இடது கையால் பெயர் எழுதப் பழகிக்கொண்டிருந்தார். பழைய சிலேட்டில் விமல்ராஜ், விமல்ராஜ் என்று நாள் முழுக்க எழுதுவார். எனக்காகத்தான் பழகுகிறார் என்று நினைத்தேன்.

முந்தாநாள் காலை முதல் பஸ்ஸுக்குப் போயிருக்கிறார். கல்யாணச் சட்டையைக் காணோம். அந்தப் புத்தகத்தையும் காணோம். அஞ்செட்டியில் பார்த்தவர்கள் ஓசூர் பஸ்ஸில் வலது கையை பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்கிறார்கள். மேட்டில் ஏறிக் கூப்பிட்டுப் பார்த்தேன். அவர் எடுக்கவில்லை. நீயும் எடுக்கவில்லை.

உன்னிடம் இருக்கிறாரா? அதை மட்டும் எழுது. ஒரு வரி.

மாதேஸ்வரி


ஓசூர்
20.6.2025

அன்புள்ள பாப்பா,

ஒரு வரி கேட்டாய். என்னிடம்தான் இருக்கிறார். நன்றாக இருக்கிறார். ஆனால் ஒரு வரியோடு நிறுத்த மனசு வரவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன்.

நான் அவரைக் கூப்பிடவில்லை. தானாக வந்தார். வாசலில் நின்றுகொண்டு, "மச்சான், நான் பேசறேன்" என்றார்.

விழா அன்று நீ பார்த்திருக்க வேண்டும். மண்டபம் நிறைய ஆட்கள், எல்லாம் அந்தக் காலத்து நான் மாதிரி பர்மனென்ட் ஆபரேட்டர்கள். கம்பெனி அவர்களில் பாதிப் பேரையாவது சொந்தத் தொழிலுக்கு அனுப்ப நினைக்கிறது. முதலில் நான் பேசினேன். கை தட்டினார்கள், ஆனால் ஒருவரும் அசையவில்லை. பின்வரிசையில் ஒருவர், பர்மனென்ட் வேலையை விட்டுவிட்டு வந்து நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பார்ப்பது என்று கேட்டார். அந்த நேரத்தில் ஹரீஷ்குமார் மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

மாப்பிள்ளை மைக்குக்கு முன்னால் வந்து நின்றார். பிறகு பாக்கெட்டிலிருந்து கையை எடுத்து மேலே தூக்கிக் காட்டினார். "இது எங்க காட்டுல தட்டு வெட்டறப்போ போச்சு. என்னை யாரும் பாத்துக்கல. யாரும் பாத்துக்கணும்னு நான் கேக்கவும் இல்ல" என்றார். அவ்வளவுதான் பாப்பா. அந்தப் பின்வரிசை ஆள் முதலில் எழுந்து தட்டினார். அன்றைக்கு மட்டும் எத்தனையோ பேர் பெயர் கொடுத்தார்கள். ஹரீஷ்குமார் மாப்பிள்ளைக்கும் நாற்காலி போட்டார். தன் பக்கத்தில்.

டீக்கடை எல்லாம் இப்போது சின்ன விஷயம் என்று தோன்றுகிறது. மாப்பிள்ளையை நான் பட்டறையிலேயே வைத்துக்கொண்டேன். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுப்பு. அவர் கையைப் பார்த்தாலே புதிய ஆட்கள் பதறிப்போய்க் கவனமாக இருக்கிறார்கள். நான் வாயால் சொன்னால் கேட்க மாட்டார்கள். ஆர்டர் கூடியிருக்கிறது, இரண்டு பிரஸ் புதிதாகப் போட்டிருக்கிறேன். புதிது என்றால் பழையதுதான், கம்பெனி கழித்தது.

லேபர் ஆபீஸ் பற்றி இனி நீ அலைய வேண்டாம். மாப்பிள்ளையே போய்த் தட்டு மெஷினில்தான் கை போனது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இடது கையால் அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீயும் ஒரு நாள் வந்து பார். அவருக்கு இப்போது அந்த முதலாளி மனசு வந்துவிட்டது.

உன் அண்ணன்
முனிவேல்


நாட்றாம்பாளையம்
11.7.2025

அண்ணனுக்கு,

வந்து பார் என்றாய், வந்தேன். நீ கிருஷ்ணகிரியில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தாய். அண்ணி காபி கொடுத்தாள். குடித்துவிட்டுப் பட்டறைக்குப் போனேன்.

அவர் கழுத்தில் பட்டையோடு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. 'பார்ட்னர், பயிற்சி' என்று போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் முதலில் சொன்னது வேலை நேரத்தில் வரக்கூடாது என்று. வீட்டுக்கு வாங்க என்றேன். ஆடு, காடு, மாமியார் முழங்கால் வலி என்று என்னென்னவோ சொன்னேன். லேபர் ஆபீசில் போய் அது பொய் என்று எழுதிக் கொடுக்கலாம், இன்னும் நேரம் இருக்கிறது என்றேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு என் தோளில் கை வைத்தார், அந்தக் கையை. "மாதேஸ்வரி, நீ இன்னம் கூலிக்காரி மாதிரியே யோசிக்கிற" என்றார். அவர் வாய் அது இல்லை. உன் கடிதத்திலிருந்து அப்படியே எடுத்து என்மேல் வைத்தார்.

அப்போது உள்ளே யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். ஓரத்தில் இருந்த பிரஸ்ஸில் மத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். பெயர் அனுப்ரியாவாம். கை நிறைய வளையல் போட்டிருந்தாள். புதிதாகக் கல்யாணமானவள்போல் இருந்தது. இடது கையால் பட்டனைத் தட்டினாள். வலது கை உள்ளே போய் வந்தது, போய் வந்தது. நான் அந்தக் கையைப் பார்க்க முடியாமல் வலது பக்கத்துப் பட்டனைப் பார்த்தேன். ட்யூப் கட்டியிருந்தது.

நீ கட்டியிருப்பாய் என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தேன். இரண்டு சுற்று. முடிச்சு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ரப்பரில் பல் தடம்.

நீ எப்படி முடிச்சுப் போடுவாய் என்று எனக்குத் தெரியாது. இந்த முடிச்சு எனக்குத் தெரியும். நான் ஆட்டுக்குப் போடச் சொல்லிக்கொடுத்தது.

தரையில் கிடந்த பிளேடால் அறுத்துவிட்டேன். மெஷின் நின்றது. அந்தப் பெண் என்னை அடிக்க வருவதுபோல் வந்தாள். "யாருக்கா நீ? இன்னிக்கி என் பீஸ் கவுண்ட்டு போச்சுன்னா நீயா குடுப்ப? எனக்குத் தனி மெசின் தர்றேன்னு சொல்லிக்கினு இருக்கறாங்க" என்றாள். உனக்குக் கவலை வேண்டாம். அவளுக்கும் அந்த மனசு வந்துவிட்டது.

நான் கேட்ட வரியை இனி நீ எழுத வேண்டியதில்லை. அதற்குப் பதில் நான் உனக்கு ஒன்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். லேபர் ஆபீசோ கம்பெனியோ யார் கேட்டாலும் காட்டு. விமல்ராஜ் உன்னிடம் வேலை செய்தவர் இல்லை. அவர் உன் பார்ட்னர்தான். நான் தப்பாக நினைத்துக்கொண்டு அலைந்துவிட்டேன்.

அறுத்த ட்யூபைக் கையோடு எடுத்து வந்திருக்கிறேன். அதனால் உன் வேலை ஒன்றும் கெடாது. நான் கேட்டைத் தாண்டுவதற்குள் அவர் வேறொன்றைக் கட்டியிருப்பார். இடது கையும் பல்லும் இருந்தால் போதும். நான்தானே சொல்லிக்கொடுத்தேன்.

மாதேஸ்வரி